பராயமடைந்த பிள்ளையின் ஆதனமும் அற்றோணித் தத்துவமும்: பனிச்சங்கேணிப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆதன உரிமை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மூத்தோரிடமிருந்து இளையோருக்குச் சொத்துச் செல்லும் வழியையே நோக்குவன. தந்தை இறந்தால் மகனுக்கு யாது கிடைக்கும், தாயின் வளவு எந்த மகளைச் சேரும் என்பனவே வழமை நூல்களும் நீதிமன்றங்களும் மிகுதியும் எழுப்பிய வினாக்கள். பெற்றோர் முன்னரும் பிள்ளைகள் பின்னரும் இறப்பர் என்னும் இயற்கை ஒழுங்கே இவ்வினாக்களுக்கு அடிப்படை. அவ்வொழுங்கு குலையுமிடத்து எழும் வினா வேறு. பராயமடைந்த இளைஞர் ஒருவர் ஊரில் இல்லாதபோதும், நோயால் அறிவிழந்து கிடக்கும்போதும், காணாமற்போனபோதும் அவருக்காகக் கையொப்பமிடத் தக்கவர் யார்? அவர் இறந்துபடின் அவர் பெயரிலுள்ள வளவும் வங்கிப் பணமும் யாரைச் சேரும்?

இவ்வினாவுக்கு மட்டக்களப்புத் தமிழர் சமுதாயம் காலந்தோறும் அளித்துவந்த விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பழைய முறையில் அவ்விடை உறவில் இருந்தது; புதிய முறையில் அது கையொப்பத்தில் இருக்கின்றது. உறவு தந்த அதிகாரம் நீங்கியபின், கையொப்பம் இடும் வழக்கம் வேரூன்றுமுன், கடற்கோளும் போரும் வந்தன. அவ்விடைவெளியின் வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது.

பனிச்சங்கேணி: இடமும் மக்களும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபகுதியில், கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்தது பனிச்சங்கேணி. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் கரையோர வீதி இங்கே களப்பைக் கடந்து வாகரையை அடைகின்றது. மீன்பிடியும் சேனைப் பயிரும் சிறு வயலுமே இப்பகுதி மக்களின் நெடுங்காலத் தொழில்கள். பனிச்சை மரத்தையும் கேணியையும் சேர்த்து வழங்கிய பெயர் இது. நூல் வலை வழங்கிய காலத்தில் மீனவர் பனிச்சங்காயின் சாற்றில் வலையைத் தோய்த்து உலர்த்துவர். உவர்நீரில் நூல் இற்றுப்போகாது காக்கும் முன்னேற்பாடு அது.

வாகரைப் பகுதியின் நிலத்திற் பெரும்பங்கு அரச நிலமாகும். தெற்கே வாவியைச் சூழ்ந்த பழைய பற்றுக்களில் உறுதிக் காணிகளும் போடிமார் வயல்களும் மிகுந்திருக்க, வடக்கே உத்தரவுப் பத்திரத்தை நம்பி வாழ்ந்தோரே பலர். ஆகவே இவ்வூர் மக்களின் ஆதன நிலையை அறிய வேண்டுமாயின், மட்டக்களப்பின் பழைய வழமை, ஆங்கிலேயர் இயற்றிய பொதுச் சட்டம், அரச காணிச் சட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

குடியும் முதுசமும்

மட்டக்களப்புப் பிரதேசத்தின் சமூக அமைப்புக்கு ஆதாரமாக விளங்கியது தாய்வழிக் குடி முறையாகும். ஒருவர் தம் தாயின் குடியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவர். தமிழரிடத்து மட்டுமன்றி அப்பிரதேச முஸ்லிம்களிடத்தும் இம்முறை நிலவியது. கோயில் முகாமையிற் பங்குகொள்ளும் வண்ணக்கர் பதவி முதலியனவும் குடியையே பற்றி நின்றன. வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் (1964), எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் (1962) ஆகிய நூல்கள் இவ்வமைப்பை அறிய உதவுவன.

இம்முறையின் ஆதன விதிகளை முக்குவர் சட்டம் என்னும் பெயரில் 1876ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் நூலாக்கி வெளியிட்டவர் பிறிற்றோ என்பார். யாழ்ப்பாண வைபவமாலையை 1879இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் இவரே. வழிவழி வந்த ஆதனம் முதுசம் எனவும், ஒருவர் தம் முயற்சியால் ஈட்டியது தேடியதேட்டம் எனவும் இரு வகையாகப் பகுக்கப்பட்டன. ஓர் ஆணின் முதுசம் அவனுடைய மக்களைச் சேராது, அவன் சகோதரியின் மக்களைச் சேர்ந்தது. முதுசத்தைத் தன் விருப்பம்போல அளிப்பதில் ஒருவருக்குக் கட்டுப்பாடு மிகுதி. தேட்டத்தில் அத்துணைக் கட்டுப்பாடு இல்லை.

இம்முறையில் இளையோரின் ஆதனத்தைக் கவனித்தவர் யார் என்பதே இங்கு முதன்மையான வினா. பெண்வழியாக இறங்கிய ஆதனத்தை முகாமை செய்யும் பொறுப்பு ஆண்களிடமே இருந்தது. அவர்களுள் முதன்மை பெற்றவர் தாயின் சகோதரராகிய அம்மான். மருமக்கள் வயது வந்தோராயினும் அம்மானின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அவர்கள் ஊரில் இல்லாவிடின் வயலின் விளைச்சலைக் கணக்கிடுபவரும், வழக்கொன்று எழுந்தால் ஊரவர் முன் பேசுபவரும் அவரே. அவ்வதிகாரத்துக்கு எழுத்து வேண்டியதில்லை; பிறப்பே போதுமானது. இளையவர் இறப்பினும் ஆதனம் குடியை விட்டு நீங்காது.

இதனைக் குறையற்ற முறை எனக் கொள்ளுதல் தகாது. பெண்ணுக்கு உரிமை இருந்தும் ஆளும் அதிகாரம் ஆணிடம் இருந்தது. இளையோரின் விருப்பம் கேட்கப்படவில்லை. அம்மான் நேர்மையற்றவராயின் மருமக்கள் செய்யத்தக்கது சிறிதே. ஆயினும் ஒருவர் இல்லாதபோது அவருக்காக நிற்பவர் யார் என்ற வினாவுக்கு ஊரார் அனைவரும் அறிந்த விடையொன்று அங்கு இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் இளையோர் தனித்து நிற்பவராகக் கருதப்படவில்லை. ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தளித்து, பின்னர் ஆங்கிலேயராட்சியில் 1806ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் உறுதிப்படுத்தப்பட்ட அவ்வழமையின்படி, மணமாகாத ஆண்மக்கள் ஈட்டும் பொருள் பெற்றோரின் பொது ஆதனத்தோடு சேரும். பெற்றோர் வாழுங்காலத்தில் மகன் பங்கு கேட்டல் இயலாது. மட்டக்களப்பிலே குடி என்றால் யாழ்ப்பாணத்திலே பெற்றோர் என்ற வேறுபாடே இருந்தது. இரண்டிடத்தும் இளைஞரின் ஆதனம் அவர் ஒருவருக்கே உரியதன்று.

சீதனமும் வாழுங்காலக் கையளிப்பும்

மட்டக்களப்பு முறையின் மற்றொரு சிறப்பு, ஆதனத்தின் பெரும்பகுதி பெற்றோர் இறக்குமுன்னரே கைமாறியமை. மகள் மணம் முடிக்கும்போது வீடும் வளவும் அவளுக்குச் சீதனமாக எழுதப்படும். மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்வான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர், மணமாகாத பெண்மக்களோடு அருகே வேறொரு மனை கட்டிக் குடியேறுவர். அடுத்த மகளின் திருமணத்தில் அதுவும் கைமாறும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றுப் பகுதியில் 1969 முதல் செய்த கள ஆய்வுகளிலும் இவ்வழக்கம் விரிவாகப் பதிவாகியுள்ளது.

இதன் விளைவு யாது? இருபது வயதை அண்மித்த பெண்ணொருத்தி குடும்பத்தின் தலையாய ஆதனத்துக்கு உடையவளாகின்றாள். அவளைப் பெற்றோர் தம் கையிலிருந்ததை அவள் கையில் ஒப்படைத்துவிட்டு அவளது ஆதரவில் முதுமையைக் கழிக்கின்றனர். இதிலுள்ள இடரை முன்னோர் அறியாதவரல்லர். உறுதி எழுதும்போது பெற்றோர் தமக்குச் சீவிய உருத்தை ஒதுக்கிக்கொள்ளும் வழக்கம் அவ்வறிவின் பயனே. ஆயின் சீவிய உருத்து பெற்றோர் வாழுங்காலத்துக்கு மட்டுமே காவல். மகள் முந்தி இறப்பின் ஆதனம் எங்கே செல்லும் என்பதற்கு அது விடை கூறாது.

உறவிலிருந்து எழுத்துக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்றப்பட்ட சில கட்டளைச் சட்டங்கள் பழைய விடையைப் படிப்படியாக அகற்றின. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி தொடர்பான கைமாற்றம் நொத்தாரிசின் முன்பும் இரு சாட்சிகளின் முன்பும் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது என விதித்தது. மரணசாசனமாயின் நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசின்றி ஐந்து சாட்சிகள் வேண்டும். 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒருவர் தம் ஆதனத்தை விரும்பியவருக்குச் சாசனம் செய்யும் முழு உரிமையை வழங்கியது. பிள்ளைகளுக்கு ஒரு பகுதியைக் கட்டாயமாக விடவேண்டும் என்ற பழைய உரோம ஒல்லாந்த விதியும் அதனோடு ஒழிந்தது.

1865ஆம் ஆண்டுச் சட்டம் பராயமடையும் வயதை 21 என நிறுத்தியது. பின்னர், பிறிற்றோவின் நூல் வெளிவந்த அதே 1876ஆம் ஆண்டில், 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கண்டியச் சட்டத்துக்கு உட்பட்டோர், முஸ்லிம்கள், வட மாகாணத்தில் தேசவழமைக்கு உட்பட்ட தமிழர் ஆகியோர் அதிலிருந்து விலக்கப்பட்டனர். மட்டக்களப்புத் தமிழருக்கு அத்தகைய விலக்கு அளிக்கப்படவில்லை. எனவே முக்குவர் சட்டம் நூல் வடிவம் பெற்ற ஆண்டே அது மட்டக்களப்பில் வழக்கொழியத் தொடங்கிய ஆண்டுமாயிற்று.

புதிய சட்டத்தின்படி சாசனமின்றி இறந்தவரின் ஆதனத்தில் அரைப்பங்கு வாழ்க்கைத்துணைக்கும் எஞ்சியது பிள்ளைகளுக்கும் சேரும். ஆண்மக்களும் பெண்மக்களும் சமபங்கினர். பெண்ணுக்கும் ஆணுக்கும் சமபங்கு என்ற வகையில் இது முன்னேற்றமே. ஆயின் தாய்வழியாக மகளுக்கு எழுதப்பட்ட வளவு, அவள் இறந்தவுடன் கணவனுக்குப் பாதியாகப் பிரிந்தது. அவன் மறுமணம் செய்து வேறூர் செல்லின், அவ்வளவில் வாழும் அவளுடைய பெற்றோரும் தங்கையரும் பங்காளியோடு வழக்காட வேண்டிய நிலை ஏற்பட்டது.

இதற்குப் பரிகாரமாக ஒரு காலத்தில் உறுதியிலேயே நிபந்தனை எழுதப்பட்டது. இன்னார் இறப்பின் ஆதனம் இன்னாரைச் சேரவேண்டும் எனத் தலைமுறைக்கு அப்பாலும் கட்டுப்படுத்தும் உரோம ஒல்லாந்த முறை அது. 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அம்முறையையும் ஒழித்தது. நிலம் என்றென்றும் கட்டுண்டு கிடத்தல் ஆகாது என்பதே அச்சட்டத்தின் கருத்து, அது தக்கதே. ஆயின் அதன்பின் மகளுக்கு எழுதிய வளவு மகளின் கையொப்பத்தால் அன்றி வேறு எவ்வழியாலும் ஒழுங்கு செய்யத்தக்கதாக இல்லை. அதாவது, ஆதனத்தைத் திட்டமிடும் கடமை பெற்றோரிடமிருந்து இளையவளிடம் சென்றது. அவள் அதனை அறிந்திருந்தாளா என்பது வேறு வினா.

அற்றோணித் தத்துவம்

ஒருவர் தமக்காகச் செயலாற்ற மற்றொருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் அளித்தலே அற்றோணித் தத்துவம். இலங்கையில் இதற்கான பதிவுமுறையை வகுத்தது 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். குறித்த ஒரு கருமத்துக்கு மட்டும் அளிப்பது விசேட தத்துவம். பல கருமங்களையும் அடக்குவது பொதுத் தத்துவம்.

தமிழரிடையே இவ்வாவணத்தைப் பெருமளவிற் கையாண்டோர் நாட்டுக்கோட்டை நகரத்தார் ஆவர். செட்டிநாட்டில் இருந்த முதலாளி, இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் இருந்த கடைகளை நடத்தும் முகவர்களுக்குத் தத்துவம் எழுதிக் கொடுப்பார். மூன்றாண்டுக் கணக்கு முடிந்தபின் முகவர் ஊர் திரும்புவார். அங்கே அதிகாரம் மூத்தவரிடமிருந்து இளையவருக்குச் சென்றது, பிரிவு எதிர்பார்க்கப்பட்டது, எனவே கப்பலேறுமுன் ஆவணமும் ஆயத்தமாயிருந்தது.

மட்டக்களப்பின் கரையோர ஊர்களில் நிலைமை மறுதலையானது. 1970களின் பிற்பகுதியிலிருந்து இளையோரே மத்திய கிழக்கு நாடுகளுக்கும், பின்னர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றனர். கட்டுநாயக்க முதலீட்டு வலயம் 1978இல் தொடங்கியபின் ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் சென்ற பெண்களும் பலர். இங்கே அதிகாரம் இளையவரிடமிருந்து மூத்தவருக்குச் செல்லவேண்டியிருந்தது. வெளிநாட்டிலுள்ள மகள் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பும் தத்துவத்தைக் கொண்டு தாய் ஊரிலே காணி அலுவலை முடிக்கும் காட்சி பழகிப்போயிற்று. ஆயின் ஊரிலேயே இருக்கும் பிள்ளைக்கு அத்தகைய ஆவணம் வேண்டுமென்று எவரும் நினைத்திலர்.

வயதெல்லை மாறியமை

1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் பராய வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. இது இளையோரின் உரிமையைப் பெருக்கிய சட்டம் எனலாம். அதேவேளை, பெற்றோரின் சட்ட அதிகாரம் மூன்று ஆண்டு முன்னதாகவே முடிவுற்றது. முதல் நாள்வரை பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலராக இருந்த தந்தையும் தாயும், பதினெட்டு வயது நிறைந்த மறுநாள் அப்பிள்ளையின் வங்கிக் கணக்கையும் காணியையும் பொறுத்தவரை அயலவரோடு ஒத்தவராயினர்.

குடும்ப வாழ்விலோ எதுவும் மாறியதில்லை. பத்தொன்பது வயது மகன் இன்னும் தாயின் உலையிலேயே உண்கின்றான். அவனுடைய சேமிப்புப் புத்தகம் தாயின் பெட்டியிலேயே இருக்கின்றது. அம்மானின் அதிகாரம் போயிற்று. பெற்றோரின் அதிகாரமும் போயிற்று. ஆயினும் இருவருக்கும் அது தெரியாது. அதிகாரம் இல்லையென்பது அது தேவைப்படும் நாளிலேதான் புலப்படும்.

உத்தரவுப் பத்திரக் காணி

பனிச்சங்கேணி போன்ற ஊர்களில் மேற்கூறிய சட்டங்களைவிட நேரடித் தாக்கம் விளைவித்தது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமாகும். இதன்படி அரச நிலம் பெற்றவர் தமக்குப் பின்னுரித்தாளராக ஒருவரை நியமித்துப் பதிவு செய்யலாம். நியமிக்காது இறப்பின், வாழ்க்கைத்துணைக்குப் பிற்பட்ட உரிமை அட்டவணை ஒழுங்கின்படி செல்லும். அவ்வட்டவணையில் ஆண்மக்கள் பெண்மக்களுக்கு முன் வைக்கப்பட்டனர். ஒரே நிலையினருள் மூத்தவர் முதன்மை பெற்றார்.

மகளுக்கு வீட்டைக் கொடுக்கும் சமுதாயத்தின்மீது மூத்த மகனுக்குக் காணியைக் கொடுக்கும் விதி சுமத்தப்பட்டமை வியப்புக்குரியது. நியமனம் எழுதிய குடும்பங்கள் தம் வழக்கத்தைக் காத்துக்கொண்டன. எழுதாத குடும்பங்களில் ஊர் வழக்கம் ஒன்றாகவும் ஏட்டிலுள்ளது வேறாகவும் நின்றன. ஆண் முதன்மை கூறிய இவ்வட்டவணை 2022இற்றான் திருத்தப்பட்டது. ஏறத்தாழ எண்பத்தேழு ஆண்டுகள் ஒரு சிறு நியமனத்தின் உண்மையும் இன்மையும் பல மகளிரின் குடியிருப்பைத் தீர்மானித்தன.

கடற்கோளும் போரும்

1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சிதைத்தது. வீடுகளோடு பெட்டிகளில் இருந்த உறுதிகளும் அழிந்தன. பின்வந்த போர்க்கால இடப்பெயர்வுகளில் எஞ்சிய ஆவணங்களும் பல சிதறின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரைக் கொன்றது. பனிச்சங்கேணிப் பாலமும் சேதமுற, அதற்கு அப்பாலுள்ள வாகரை ஊர்களுக்குச் செல்லும் வழி தடைப்பட்டது.

கிழக்குக் கரையில் இறந்தோருட் பெண்களும் சிறுவரும் பெருந்தொகையினர். பெண்களின் பெயரில் வீடு இருக்கும் ஒரு பிரதேசத்தில் இதன் பொருள் ஆழமானது. இளம்பெண் இறந்த வீடுகளில் அவளுடைய பெற்றோரும் கணவனும் ஒரே வளவின்மீது உரிமை கோரும் நிலை எழுந்தது. சாசனம் எழுதியிருந்த இருபது வயதினர் எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும்? மீள்குடியேற்றத்தின்போது குடும்பத் தலைவர் என்னும் சொல்லால் ஆண்களின் பெயரிலேயே புதிய காணிகளும் வீடுகளும் பல இடங்களில் வழங்கப்பட்டன. தாய்வழி வீட்டுரிமை இதனால் இழக்கப்படுகின்றதெனக் கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அன்றே சுட்டிக்காட்டின.

ஆழிப்பேரலைக்கு ஈராண்டின் பின் போர் மீண்டும் இப்பகுதியை வந்தடைந்தது. 2006 நவம்பரில் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். 2007 ஜனவரியில் வாகரை அரச படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது மக்கள் களப்பையும் காட்டையும் கடந்து தெற்கே இடம்பெயர்ந்திருந்தனர். போர்க்காலம் முழுவதிலும் இயக்கங்களிற் சேர்ந்தோர், சேர்க்கப்பட்டோர், கைதானோர், காணாமற்போனோர் ஆகியோருள் மிகப் பலர் பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டோர். சட்டத்தின் முன் தனித்து நிற்கும் வயதினர் அவர்கள். பெரும்பாலோர் ஓர் ஆவணமும் எழுதாதவர்கள்.

காணாமற்போன மகனின் தாயினுடைய நிலை தனித்து நோக்கத்தக்கது. அவன் பெயரிலுள்ள பணத்தை எடுப்பதற்கு அவளுக்குத் தத்துவம் இல்லை. அவன் இறந்தானென மரணச் சான்றிதழ் பெற்றால் வழியுண்டு. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போனோர் தொடர்பில் அத்தகைய சான்றிதழ் பெற வழிசெய்தது. ஆயின் பல தாய்மார் அதனை ஏற்க மறுத்தனர். மகன் இறந்துவிட்டான் என்று கையொப்பமிடுதலே அதற்குரிய விலை. தேடுதலைக் கைவிட்டதாக அது பொருள்படும் என அவர்கள் கருதினர். இம்மறுப்பின் நியாயத்தை உணர்ந்தே 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், காணாமற்போனவர் இல்லை எனக் கூறும் சான்றிதழை அறிமுகம் செய்தது. இறந்தார் எனக் கூறாமலே அவருடைய ஆதனத்தைத் தற்காலிகமாகக் கவனிக்கவும் உதவிகளைப் பெறவும் குடும்பத்தினருக்கு அது வழிவகுத்தது.

அதே 2016இல் இயற்றப்பட்ட 5ஆம் இலக்கச் சட்டமும் குறிப்பிடத்தக்கது. பிறர் காணியைப் பத்து ஆண்டு எதிராட்சி செய்தவர் உரிமை கோரலாம் என்பது பழைய விதி. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் போர்ச் சூழலால் தம் காணியை அணுக இயலாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என அச்சட்டம் கூறியது. ஊரை விட்டோடியவர் தம் சார்பில் எவரையும் நியமித்திலர் என்பதை அரசே ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்றாகும். எழுதப்படாத தத்துவங்களின் இடத்தைச் சட்டமன்றம் காலங்கடந்து நிரப்பியது.

தத்துவத்தின் எல்லை

அற்றோணித் தத்துவம் எழுதியிருந்தால் எல்லா இடரும் தீர்ந்திருக்கும் எனக் கொள்ளலாகாது. எழுதியவர் இறந்த கணமே தத்துவமும் இறக்கும். அவர் சித்தத் தெளிவை இழப்பினும் அது வலுவற்றுப்போகும் என்பது பழைய ஆங்கிலச் சட்டத்தின் கொள்கை. 1902ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலும் இதனை மாற்றும் ஏற்பாடு சேர்க்கப்படவில்லை. விபத்தால் அறிவிழந்த இருபது வயது மகனுக்காகச் செயலாற்ற விரும்பும் பெற்றோர், 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 39ஆம் அத்தியாயத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து முகாமையாளராக நியமனம் பெறுதல் வேண்டும். மிகவும் தேவைப்படும் வேளையிலே தத்துவம் கைவிடும் என்பது அதன் பெருங்குறை.

பிற நாடுகள் இக்குறையை உணர்ந்தமைக்கும் இளையோரின் துயரங்களே பெரிதும் காரணமாயின. ஐக்கிய அமெரிக்காவில் 1975இல் அறிவிழந்த காரன் ஆன் குயின்லன் என்பாருக்கு வயது 21. அவருக்காகத் தீர்மானிக்கும் உரிமையைத் தந்தை 1976இல் நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றத்திலேதான் பெற்றார். 1983இல் விபத்துக்குள்ளான நான்சி குரூசனுக்கு வயது 25. அவ்வழக்கு 1990இல் நாட்டின் உயர் நீதிமன்றம்வரை சென்றது. இங்கிலாந்து 1985இல் சித்தத் தெளிவு இழந்தபின்னும் நீடிக்கும் தத்துவத்தை ஏற்றுச் சட்டம் இயற்றியது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மருத்துவத் தீர்மானங்களுக்கும் விரித்தது. இந்தியாவில் 1973இல் தாக்கப்பட்டு நாற்பதாண்டுக்கு மேலாக அறிவிழந்து கிடந்த தாதி அருணா சான்பாக்கின் வழக்கு 2011இல் தீர்க்கப்பட்டது. ஒருவர் தம் மருத்துவ விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். மட்டக்களப்பின் பழைய முறை இளையவரின் சார்பில் நிற்போரைப் பிறப்பால் நியமித்தது. 1876இன் பின் வந்த சட்டங்கள் அந்நியமனத்தை நீக்கி, இளையவரின் கையொப்பத்தை அதனிடத்தில் வைத்தன. 1972இல் பெற்றோர் உறுதியில் நிபந்தனை விதிக்கும் வழி அடைபட்டது. 1989இல் பெற்றோரின் அதிகாரம் மூன்றாண்டு சுருங்கியது. ஒவ்வொரு மாற்றமும் தனித்து நோக்குமிடத்து இளையோரின் சுதந்திரத்தை வளர்த்ததே. ஆயின் சுதந்திரத்தோடு வந்த கடமையை அவர்களுக்கு எடுத்துக் கூறியோர் இலர்.

மீண்டும் குடி முறைக்குத் திரும்புதல் இதற்குப் பரிகாரமாகாது. அம்மானின் அதிகாரம் இன்றைய இளம்பெண்ணுக்கு ஏற்புடையதுமன்று. ஆனால் அவர் நின்ற இடம் வெறுமையாகக் கிடத்தலும் தகாது. பதினெட்டு வயது நிறைந்தவர் தாம் நம்பும் ஒருவருக்கு, எல்லை வகுத்து, இன்ன கருமங்களுக்கு மட்டும் எனக் குறித்துத் தத்துவம் எழுதலாம். நம்பிக்கை குறையின் நீக்கவும் செய்யலாம். வேலைக்குச் சேரும்போது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழான ஊழியர் சேமலாப நிதிக்குப் பெறுநரைப் பதிவு செய்யலாம். சீதன உறுதி பெறும் மகள், அதனோடு தன் மரணசாசனத்தையும் எழுதலாம். திருமணத்தின்முன் எழுதிய சாசனம் திருமணத்தால் வலுவிழக்குமாதலின், மணமான பின்னரே அதனை எழுதுதல் வேண்டும். உத்தரவுப் பத்திரக் காணியாயின் பின்னுரித்தாளர் நியமனத்தைப் பிரதேச செயலகத்தில் உறுதிசெய்துகொள்ளலாம்.

இளம் பிள்ளையின் சாவை நினைத்து ஆவணம் எழுதுதல் அபசகுனம் எனக் கருதும் மனப்பாங்கு எம்மவரிடத்து வலிது. கடலுக்குச் செல்லுமுன் வலையைப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்த மீனவர் அதனை அபசகுனமாகக் கருதியதில்லை. வலை அறும் என்று அஞ்சியன்று, நெடுநாள் உழைக்க வேண்டும் என்று விரும்பியே அவர்கள் அதனைச் செய்தனர். போர் முடிந்தபின் களப்பின்மீது புதிய பாலம் எழுந்தது, வீதியும் திருந்தியது. அப்பாலத்தைக் கடந்து வேலைக்கும் கல்விக்கும் செல்லும் இளையோர் தம் பெயரில் ஒரு தாளேனும் எழுதிவைத்துச் செல்வராயின், முன்னைய தலைமுறையின் தாய்மார் அலுவலகந்தோறும் அலைந்த அலைச்சல் அவர்களுடைய தாய்மாருக்கு நேராது.